கையில் ஒன்று

டௌகாவ்பில்ஸ். சுழிக்குக் கீழே பத்தொன்பது.
கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு
ரேடியேட்டர் குழாயை ஒருமுறை தொடுகிறேன்.
உடம்பில் ஒட்டியிருக்கும் பொறி அங்கேயே இறங்கட்டும்.
இந்தச் சில்லுகளுக்கு என் விரல்தான் இடி.

சமையல் மேசையில் நான்கு பிரெட்போர்டு.
இடது ஓரம் எட்டுக்கால் சில்லு ஒன்று
விநாடிக்கு ஒரு தரம் இமைக்கிறது. அதுதான் நாடி.
அதை எண்ணிக்கொண்டு பதினாறு படி ஏறும் இன்னொன்று.
படிக்குப் படி டயோடுகள்:
வைத்த இடம் ஒன்று, வைக்காத இடம் சுழி.
ஞாபகத்தில் பாதி
வைக்காமல் விட்டதுதான் போலிருக்கிறது.

கம்பி எல்லாம் ரொமுவால்ட் தந்தது,
பணிமனையில் பிரித்துப்போட்ட டிராமின் வயிற்றிலிருந்து.
"என்ன செய்யும், வெல்தா?"
"கூட்டும்."
"எது வரைக்கும்?"
"பதினைந்து."
தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.
பெட்டிகளை இணைக்கும்போது நசுங்கியது போக
"எனக்கே எட்டரை வரை வருமே" என்றார்.

பதினொரு நாள் கம்பி சீவினேன்.
இன்று விடுப்பு. இன்றுதான் முதல் கணக்கு:
ஏழு, அதோடு ஒன்று.
மூன்று சிவப்பு விளக்கும் அணைந்து
நான்காவது மட்டும் எரிந்தது.
எட்டு!
ஆளில்லாத அடுக்களையில் கைதட்டினேன்.
மறுபடி, எட்டு.
மறுபடி, எட்டு.
மறுபடி
இரு ஓரமும் எரிகின்றன. ஒன்பது.

பேட்டரியை மாற்றினேன். கம்பிகளைப் பிடுங்கி நட்டேன்.
அரை மணி ஒழுங்காகச் சொல்லும், பிறகு ஒரு பொய்.
எப்போதும் தப்பாகவே சொல்பவனோடு காலம் தள்ளிவிடலாம்,
திருப்பிப் போட்டால் நிஜம்.
எப்போதாவது பொய் சொல்பவனோடு
பதினான்கு வருடம் இருந்து பார்த்திருக்கிறேன்.

மின்கட்டண உறையின் முதுகில்
பொய் வந்த நேரங்களை மட்டும் எழுதினேன்:
ஆறு பன்னிரண்டு. ஆறு முப்பத்துநான்கு.
ஆறு ஐம்பத்தாறு.
அடுத்ததை எழுதக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.
ஏழு பதினெட்டு.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்,
அது என் வண்டியின் அட்டவணை.

சொன்னபடியே ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.
கீழே ஸ்ட்ரோபி ஏரிக்குப் போகும் டிராம்,
எனக்குப் பதிலாக ஜிக்ரீதா ஓட்டுகிறாள்.
உறைபனி பூத்த மின்கம்பியில் பச்சையாய் ஒரு பொறி.
மேசையில் ஒன்பது.

கூட்டும் சில்லின் ஒன்பதாம் கால்.
கீழ்ப்படியிலிருந்து மிச்சம் வாங்குவது அதன் வேலை.
கீழே படியே இல்லையே என்று
எதிலும் கட்டாமல் விட்டிருந்தேன்.
சும்மா விட்டால் சுழி என்ற நினைப்பு.
சும்மா விட்டது சுழி அல்ல.
கட்டாத கால்
காற்றைக் கேட்டுக்கொண்டே இருக்கும்,
யார் உரக்கச் சொன்னாலும் நம்பும்.
தெருவில் பொறி பறக்கும்போதெல்லாம்
பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி
"கையில் ஒன்று" என்று முணுமுணுத்து
எங்கிருந்தோ ஒன்றைச் சேர்த்துக்கொண்டது.

பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. பத்தாயிரம் ஓம்.
காலைத் தரையோடு கட்டினேன்.
ஏழு நாற்பதுக்கு வண்டி வந்தது, போனது.
எட்டு.
அடுத்த வண்டிக்கும் எட்டு.

நியாயமாகப் பார்த்தால் அத்தோடு தூங்கியிருக்க வேண்டும்.
எத்தனை வருடம் இந்தத் தெருவில் ஓட்டுகிறேன்,
எத்தனை அடுக்களையில்
யார் கேட்காமலும் ஒன்றைக் கூட்டிவிட்டுப் போனேனோ.
மிச்சமிருந்த சில்லு ஒன்றின் காலில்
முழ நீளக் கம்பி செருகி
ஜன்னல் பக்கம் சும்மா தொங்கவிட்டேன்.
அதற்கென்று தனியாக ஒரு பச்சை விளக்கு.
பத்து ஐம்பதுக்கு எரிய வேண்டியது
பத்து ஐம்பத்துநான்குக்குத் துடித்தது.
பாலத்துத் திருப்பத்தில் பனி போலும். பாவம் ஜிக்ரீதா.

விடிகாலை ஐந்துக்கு நான் கீழே இருப்பேன்.
மேலே பூட்டிய வீட்டில்
ஏழும் ஒன்றும் எட்டு என்று அது சொல்லிக்கொண்டிருக்க
பக்கத்தில் பச்சை எரிந்து அணையும்.
பார்க்க ஆளில்லை.
இந்தத் திருப்பத்தில் மணியை இரண்டு தரம் அடிப்பது வழக்கம்.
நாளை மூன்று.